மாமாவின் டிடி 214 பத்திரத்தில் பதக்கங்கள் விடுபட்டிருக்கின்றன: எங்கே, எப்படித் திருத்துவது?

#1 கொட்டகலை மருமகன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

என் தாய்மாமா அமெரிக்க ஆமியில் இருந்தவர். 1988 இல் சேர்ந்து 1992 இல் நல்ல பெயரோடு விலகினார். குவைத் சண்டை நேரம் சவூதிப் பாலைவனத்தில் எரிபொருள் பவுசர் ஓட்டினார். மாமி காலமான பிறகு ஊருக்கே திரும்பி வந்து, இப்போது கொட்டகலையில் அம்மாவோடு எங்கள் வீட்டில் இருக்கிறார்.

அவருடைய கடதாசிகளை ஒழுங்குபடுத்தும்போது டிடி 214ஐக் கவனமாகப் பார்த்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அமெரிக்கப் படையிலிருந்து விலகும்போது கொடுக்கும் பத்திரம் அது. ஒருவருடைய மொத்தச் சேவையையும் அதில் சுருக்கி எழுதிவிடுவார்கள். 13ஆம் கட்டம் பதக்கங்களுக்கானது. மாமாவின் பத்திரத்தில் அங்கே இருப்பவை மூன்றுதான்: தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், ஆமி சேவைப் பட்டி, சாரதிச் சின்னம். பாலைவனத்தில் இருந்ததற்கான பதக்கம் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் கோவையின் கடைசியில் ஆமி பாராட்டுப் பதக்கத்தின் சான்றிதழ் இருக்கிறது. அதுவும் 13இல் ஏறவில்லை.

மாமாவிடம் கேட்டேன். விலகிய அன்று முகாமில் நீண்ட வரிசையாம். எழுதுவினைஞரிடம் விடுபட்டதைச் சொல்லியிருக்கிறார். "பிறகு எழுதிப்போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம், இப்போது ஒப்பம் வையுங்கள்" என்று பதில் வந்ததாம். ஒப்பம் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு லொறி வேலை, பிள்ளைகளின் படிப்பு, மாமியின் வருத்தம். அப்படியே காலம் போய்விட்டது.

எங்கள் தாத்தா பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராகிவிட்டார். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மனுப் போட்டு, வருடக்கணக்கில் அலைந்துதான் பதிவுப் பிரஜை சான்றிதழை வாங்கினார். பதிவேட்டில் பெயர் ஏறுவது எங்கள் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். மாமா உழைத்துப் பெற்றது அவர் பெயரில் எழுதப்பட வேண்டும், அதுவும் அவர் கண்ணால் பார்க்கும்போதே. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்கே எழுதுவது? இங்கிருந்தே செய்யலாமா? முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இனி எடுத்துக்கொள்வார்களா?

#2 டொரொன்டோ தலவாக்கலையான்

தம்பி, தாமதிக்காமல் டிடி 149 படிவத்தை நிரப்பி, ஆமி பதிவுத் திருத்தச் சபைக்கு அனுப்புங்கள். பிழை தெரியவந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இன்னொன்று, படை ஆட்களின் கோவைகளை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் பதிவு நிலையத்தில் தீப்பிடித்து ஆமிக் கோவைகள் எரிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மாமாவின் கோவை மிஞ்சியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

#3 டெக்சாஸ் நாவலப்பிட்டியான்

நான் இங்கே ஆமியில் ஆளணிப் பதிவு வேலை பார்த்தவன். இந்தக் கேள்வி அடிக்கடி வரும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தீ. அது 1973 ஜூலை 12 இல் நடந்தது. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் ஆமியிலிருந்து விலகியவர்களின் கோவைகளில் ஏறக்குறைய 80 வீதம் அதில் போய்விட்டன. விமானப்படையிலும் ஒரு பகுதி போனது. 1992 இல் விலகியவருக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. மாமாவின் கோவை செயின்ட் லூயிஸில் பத்திரமாக இருக்க வேண்டும்.

அடுத்து டிடி 149. அண்ணன் சொன்ன சபை உண்மையிலேயே இருக்கிறது, மூன்று வருட விதியும் இருக்கிறது. ஆனால் அந்தச் சபை கடைசிக் கதவு. சாதாரண நிர்வாக வழியில் திருத்தக்கூடியதை அங்கே கொண்டுபோனால், "முதலில் அந்த வழியைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். மாதக்கணக்கில் காலம் வீணாகும். மருமகன் தம்பி, எந்தப் படிவத்திலும் கை வைக்காமல் மூன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

டிடி 214இல் 18ஆம் கட்டம், குறிப்புகள் என்ற பகுதி. அதில் தென்மேற்கு ஆசியா என்றோ பாலைவனப் புயல் (குவைத் சண்டைக்கு வைத்த பெயர்) என்றோ திகதிகளோடு ஏதாவது இருக்கிறதா?

12ஆம் கட்டத்தில் வெளிநாட்டுச் சேவை என்ற வரியில் எத்தனை மாதம் போட்டிருக்கிறது?

பாராட்டுப் பதக்கச் சான்றிதழின் அடியில் சின்ன எழுத்தில், பதக்கத்தைக் கொடுத்த நிரந்தரக் கட்டளையின் இலக்கமும் திகதியும் இருக்கின்றனவா? சான்றிதழ் சுவரில் மாட்ட அழகாக இருக்கும், ஆனால் பதிவுக்காரர்கள் தேடுவது அந்த இலக்கத்தைத்தான்.

கையில் இருக்கும் பிரதி எது என்பதையும் கவனியுங்கள். வலது பக்க மூலையில் அல்லது அடியில் "மெம்பர் 1" அல்லது "மெம்பர் 4" என்று இருக்கும். முழு விவரமும் உள்ளது 4.

#4 பெரட்டுக்களம்

மனம் நோகக் கூடாது என்றுதான் கேட்கிறேன். இந்த வயதில் பதக்கம் வந்தால் பென்சன் கூடுமா? கூடாது என்றால் எதற்காக இத்தனை அலைச்சல்? அது எண்ணெய்க்காக நடந்த சண்டை என்று நினைப்பவன் நான். நம்மவர் ஒருவர் அதில் வாங்கிய பதக்கத்தைக் கொண்டாடத்தான் வேண்டுமா?

#5 கொட்டகலை மருமகன்

பெரட்டுக்களம் அண்ணே, நேரடியாகக் கேட்டதற்கு நன்றி. எனக்குத் தெரிந்தவரை பென்சன் ஒரு சதம்கூடக் கூடாது. அந்தச் சண்டை சரியா பிழையா என்பது பற்றி மாமாவுக்கும் எனக்கும் ஒரே கருத்து இல்லை. வீட்டில் நாங்கள் வாக்குவாதப்பட்டும் இருக்கிறோம். ஆனால் பதிவேடு சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லும் இடம் இல்லையே. ஓர் ஆள் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பதுதான் அதில் வரும். அவர் அங்கே இருந்தார். வெடித்துவிடக்கூடிய பவுசரை இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினார். அந்தச் சேவையைக் காட்டித்தான் பின்னால் அமெரிக்கப் பிரஜையும் ஆனார். தாத்தாவுக்கு ஒரு நாட்டின் கடதாசி கிடைக்க ஆயுளில் பாதி போனது. அவர் மகனின் கடதாசியில் பாதி காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நாவலப்பிட்டி அண்ணே, நீங்கள் கேட்டதைப் பூதக்கண்ணாடி வைத்தே பார்த்தேன். கையில் இருப்பது மெம்பர் 4.

18ஆம் கட்டத்தில் மூன்றாவது வரி: தென்மேற்கு ஆசியாவில் சேவை, 901014 முதல் 910409 வரை, அதாவது 1990 ஒக்டோபர் 14 முதல் 1991 ஏப்ரல் 9 வரை. இந்த வரி இருப்பது மாமாவுக்கே தெரியாது. வாசித்துக் காட்டியதும் என் கையிலிருந்து தாளை வாங்கித் தானே வாசித்தார்.

12இல் வெளிநாட்டுச் சேவை கிட்டத்தட்ட ஆறு மாதம்.

சான்றிதழின் அடியில் கட்டளை இலக்கமும் 1991 மே மாதத் திகதியும் இருக்கின்றன. லெமினேட் செய்ததால் ஓரம் கொஞ்சம் மங்கல், ஆனால் இலக்கத்தை வாசிக்கலாம்.

#6 டெக்சாஸ் நாவலப்பிட்டியான்

தம்பி, உங்கள் வேலையில் பாதி முடிந்துவிட்டது. 18ஆம் கட்டம் அவர் அங்கே இருந்தார் என்கிறது. அங்கே இருந்தவருக்கு உரிய பதக்கம் 13இல் இல்லை. பிழைக்குச் சாட்சி அதே தாளிலேயே இருக்கிறது. இப்படிப்பட்டதுதான் நிர்வாகத் திருத்தம். 214ஐ அழித்து எழுத மாட்டார்கள். டிடி 215 என்று தனியாக ஒரு திருத்தப் பத்திரம் கொடுப்பார்கள். 214ஐக் காட்டும் இடமெல்லாம் 215ஐயும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இனி திகதிகளை வைத்து என்னென்ன வரும் என்று பார்ப்போம்.

தென்மேற்கு ஆசிய சேவைப் பதக்கம். இது படை நடவடிக்கைப் பதக்கம். ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டளை தேவையில்லை, குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட பிரதேசத்தில் இருந்தாலே உரிமை உண்டு. பட்டியில் சின்ன வெண்கல நட்சத்திரங்கள் வைப்பார்கள், ஒவ்வொன்றும் சண்டையின் ஒரு காலப்பகுதிக்கு. சவூதிப் பாதுகாப்பு 1990 ஆகஸ்ட் 2 முதல் 1991 ஜனவரி 16 வரை. குவைத் விடுவிப்பும் பாதுகாப்பும் ஜனவரி 17 முதல் ஏப்ரல் 11 வரை. போர்நிறுத்தக் காலம் ஏப்ரல் 12 இல் தொடங்கி 1995 நவம்பர் 30 வரை. மாமா ஒக்டோபர் 14 இல் வந்து ஏப்ரல் 9 இல் போயிருக்கிறார். ஆகவே இரண்டு நட்சத்திரம். மூன்றாவதுக்கு மூன்று நாள் குறைகிறது. அதைக் கேட்காதீர்கள்.

குவைத் விடுவிப்புப் பதக்கம் இரண்டு உண்டு. சவூதி அரசு கொடுத்தது ஒன்று. 1991 ஜனவரி 17 முதல் பெப்ரவரி 28 வரையான சண்டைக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு அது உரியது. மற்றது குவைத் அரசு கொடுத்தது. இதை அணிய அமெரிக்க அரசு அனுமதித்ததே 1995 இல்தான். 1992 இல் விலகியவரின் 214இல் அது எப்படி இருக்கும்? முகாமில் இருந்தவர் எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும் அந்த ஒன்று விடுபட்டே இருக்கும். அந்தக் காலத்தில் விலகிய எத்தனையோ பேரின் பத்திரத்தில் அது இல்லாததற்குக் காரணம் இதுதான். தங்களுக்கு அப்படி ஒரு பதக்கம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

ஆமி பாராட்டுப் பதக்கம். இது தனி ஆளின் வேலைக்காகக் கொடுப்பது, கட்டளை கட்டாயம் வேண்டும். சான்றிதழின் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுங்கள். கட்டளையின் பிரதி செயின்ட் லூயிஸ் கோவையில் இருந்தால் சுலபமாக ஏறிவிடும். இல்லாவிட்டால் அதற்குத் தனியாகப் போராட வேண்டி வரலாம்.

செய்ய வேண்டியது: சேவைப் பதிவைக் கேட்கும் எஸ்எஃப் 180 என்ற படிவம், செயின்ட் லூயிஸ் நிலையத்துக்கு. இணையத்திலும் போடலாம், தபாலிலும் அனுப்பலாம். அதில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, முழு ஆளணிக் கோவையின் பிரதி. இரண்டு, விருதுகளைச் சரிபார்த்து 214ஐத் திருத்துவது. 18ஆம் கட்டத்தை மஞ்சள் கோடிட்ட பிரதியோடு ஒரு பக்கக் கடிதமும் வையுங்கள். ஒரு பக்கம் போதும். பாலைவனக் கதை முழுவதையும் எழுதினால் வாசிப்பவர் கண்ணில் திகதி படாமல் போய்விடும். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. "நான் செய்து தருகிறேன்" என்று காசு கேட்டு வருபவர்களை நம்பாதீர்கள்.

#7 பதுளை ஆசிரியை

தம்பி, பெயர் விஷயத்தில் கவனம். அங்கேதான் நம் ஆட்களின் விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. நம் பெயரில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். அமெரிக்காவில் அதை விரித்து முதற்பெயராகப் போட்டுவிடுவார்கள், அவருடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். தோட்டத்துப் பிறப்புப் பதிவில் கிளார்க்கர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தேசிய அடையாள அட்டையில் இன்னோர் எழுத்துக்கூட்டல். என் பெரியப்பா மகனுக்கு நான்கு கடதாசியில் நான்கு விதமாக இருந்தது.

சரியான எழுத்துக்கூட்டல் எது என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். 214இல் எப்படி இருக்கிறதோ அப்படியே எஸ்எஃப் 180இலும் எழுதுங்கள். சமூகப் பாதுகாப்பு இலக்கம், பிறந்த திகதி, சேர்ந்த, விலகிய திகதிகள் எல்லாமே 214இல் உள்ளபடி. இப்போதைய கடவுச்சீட்டில் பெயர் வேறு மாதிரி இருந்தால் "சேவைக் காலத்தில் பாவித்த பெயர் இது, இப்போது பாவிப்பது இது" என்று கடிதத்தில் ஒரு வரி போதும்.

#8 கண்டி சட்டத்தரணி

இரண்டு சட்ட விஷயம்.

ஒன்று, ஒப்பம். மருமகன் ஒப்பம் வைக்க முடியாது. படைவீரர் உயிரோடு இருக்கும்போது அவரே ஒப்பம் வைத்துத் திகதியிட வேண்டும், அல்லது உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் தர வேண்டும். அவர் காலமாகியிருந்தால் மறுமணம் செய்யாத வாழ்க்கைத்துணை, தகப்பன், தாய், மகன், மகள், சகோதரன், சகோதரி ஆகியோரைத்தான் நெருங்கிய உறவாக அந்த நிலையம் ஏற்கும், அதுவும் மரணச் சான்றோடு. நம் வழக்கத்தில் தாய்மாமனுக்கு மருமகன் எவ்வளவு உரிமைக்காரனாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் அவனுக்கு இடம் இல்லை. தேவை வந்தால் உங்கள் அம்மா கேட்கலாம், சகோதரி என்ற முறையில். ஆகவே மாமா நலமாக இருக்கும்போதே ஒப்பம் வாங்கிவிடுங்கள்.

மற்றது, சத்தியக்கடதாசி. சாட்சி சொல்ல ஒருவர் கடிதம் எழுதினால் உடனே சமாதான நீதவானிடம் போய் முத்திரை குத்தி வாங்குவது நம் பழக்கம். அது கெடுதல் இல்லை. ஆனால் அமெரிக்கச் சட்டக் கோவை 28, பிரிவு 1746இன்படி வெளிநாட்டில் இருப்பவர் சத்தியம் செய்யாமலே உறுதிமொழி எழுதித் தரலாம். "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ், பொய்ச் சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு, மேலே உள்ளது உண்மை என்று உறுதி கூறுகிறேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதி, திகதியிட்டு ஒப்பம் வைத்தால் போதும். "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ்" என்ற சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள், நாட்டுக்கு வெளியே எழுதும்போது அது கட்டாயம். கொழும்பு தூதரகத்தில் நொத்தாரிசு முத்திரை ஒன்றுக்கு 50 டொலர். வயதானவரை அதற்காக ஹட்டனிலிருந்து கொழும்புவரை கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

#9 டொரொன்டோ தலவாக்கலையான்

நாவலப்பிட்டியார் சொன்ன வழிதான் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேட்பதே கேட்கிறோம், இன்னும் சிலதையும் சேர்த்துக் கேட்கலாமே? மாமாவுக்கு அங்கே காயம் ஏதும் பட்டதா? பட்டிருந்தால் பர்பிள் ஹார்ட் பதக்கம். சண்டைச் செயற் சின்னம் என்றும் ஒன்று இருக்கிறது. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது.

#10 கொட்டகலை மருமகன்

காயம் பட்டது உண்மை. இரவில் பவுசர் மணலில் சரிந்து தோள்மூட்டு விலகியிருக்கிறது. இப்போதும் வலது கையை முழுதாக உயர்த்த முடியாது. தலவாக்கலை அண்ணன் எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வண்டி சரிந்ததற்கு சதாம் என்ன செய்வான்? அதைக் கேட்காதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

#11 டெக்சாஸ் நாவலப்பிட்டியான்

மாமா சொன்னதுதான் விதியும். பர்பிள் ஹார்ட் எதிரியின் செயலால் ஏற்பட்ட காயத்துக்கு. மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை பதிவிலும் இருக்க வேண்டும். சண்டைப் பிரதேசத்தில் நடந்த வாகன விபத்து அதில் அடங்காது. சண்டைச் செயற் சின்னம் 2001 செப்டம்பர் 18 இலிருந்துதான் கணக்கு, வளைகுடாப் போருக்குப் பொருந்தாது.

தலவாக்கலை அண்ணன் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஆதாரம் உள்ள நான்கோடு ஆதாரம் இல்லாத இரண்டைக் கலந்தால், பரிசீலிப்பவர் நான்கையும் சந்தேகத்தோடு பார்ப்பார். உரியதை மட்டும் கேளுங்கள், ஒன்றையும் விடாமல் கேளுங்கள்.

தோள்மூட்டு வேறு விஷயம். சேவையில் ஏற்பட்ட உபாதைக்கு முன்னாள் படைவீரர் திணைக்களத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த உபாதை சேவையால் வந்தது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால், வெளிநாட்டில் இருப்பவர்களின் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டமும் உண்டு. அதற்குப் பதக்கம் தேவையில்லை. அதையும் விட்டுவிடாதீர்கள், தனி இழை தொடங்குங்கள், உதவுகிறேன்.

#12 மஸ்கெலியா பேரன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இந்த இழையை வாசித்த பிறகு எங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்தேன். தாத்தா இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனவர். ஆறு முனை நட்சத்திரம் போல ஒரு பதக்கம் இருக்கிறது. பட்டியில் நடுவில் அகலமான சிவப்பு, இரண்டு பக்கமும் கடும் நீலம், நீலத்துக்குள் செம்மஞ்சள் கோடு. பின்பக்கம் பெயர் ஒன்றும் இல்லை. ஒரு மக்கிய தாளில் இலக்கம் இருக்கிறது, படைப்பிரிவின் பெயர் பாதி அழிந்துவிட்டது. இது தாத்தாவுக்குக் கொடுத்ததா, எங்கேயாவது வாங்கியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#13 பதுளை ஆசிரியை

நீங்கள் சொல்லும் நிறங்கள் பர்மா நட்சத்திரத்தின் பட்டி. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மா களத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. பெயர் இல்லாததை வைத்துச் சந்தேகப்படாதீர்கள். பிரித்தானிய அரசு அந்தப் போரின் நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. இந்தியப் படையில் இருந்தவர்களுக்குப் பெயரும் இலக்கமும் பொறித்துக் கொடுத்தார்கள். எனவே பெயர் இல்லாத பதக்கத்துக்குத் தாள்தான் சாட்சி. அந்த மக்கிய தாளை லெமினேட் செய்யாதீர்கள், பசைநாடாவும் ஒட்டாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு அமிலமில்லாத உறையில் வையுங்கள்.

எந்தப் படை என்று முதலில் தெரிய வேண்டும். மலையகத்தில் படை என்றாலே பலருக்கும் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்டத்துரைமாரின் ரைஃபிள் படைதான் ஞாபகம் வரும், ஆனால் அது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடையது. நம் ஆட்கள் இலங்கைப் படைப்பிரிவுகளிலும் சேர்ந்தார்கள், இந்தியாவில் சொந்த ஊருக்குப் போனபோது அங்கேயே இந்தியப் படையிலும் சேர்ந்தார்கள். பிரித்தானிய ஆமி என்றால் அதன் பழைய சேவைப் பதிவுகளைப் பாதுகாப்பு அமைச்சு 2022 முதல் லண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிக்கூடத்துக்கு மாற்றத் தொடங்கியது, மொத்தம் 97 இலட்சம் கோவைகள். இந்தியப் படை என்றால் அந்தந்த ரெஜிமென்டின் பதிவுக் கந்தோரில் தேட வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டின் நிலையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது.

இன்னொன்று, பிரித்தானிய ஆமியில் அந்தப் பதக்கங்கள் தானாக வீடு தேடி வரவில்லை. விண்ணப்பித்தவர்களுக்குத்தான் அனுப்பினார்கள். பலர் விண்ணப்பிக்கவே இல்லை. ஆகவே தாத்தாவுக்கு இந்த ஒன்று மட்டும்தான் உரியதா என்பதையும் பாருங்கள். பர்மா நட்சத்திரம் பெற்றவருக்கு 1939 - 1945 போர்ப் பதக்கமும் உரியதாக இருந்திருக்கும், அதற்கு 28 நாள் சேவை போதும். இலக்கத்தின் முன்னால் எழுத்துகள் ஏதும் இருந்தால் படத்தோடு தனி இழையில் போடுங்கள். முழு இலக்கத்தையும் பொதுவில் காட்ட வேண்டாம்.

#14 மஸ்கெலியா பேரன்

அக்கா, கோடி நன்றி. நாளைக்கே தனி இழை போடுகிறேன்.

#15 கொட்டகலை மருமகன்

சில மாதம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

டிடி 215 வந்துவிட்டது. தபால்காரர் கூப்பிட்டு ஒப்பம் கேட்டபோது மாமாவே வாசலுக்குப் போனார். 13ஆம் கட்டத்தில் சேர்க்கவும் என்று எழுதி, தென்மேற்கு ஆசிய சேவைப் பதக்கம் இரண்டு வெண்கல நட்சத்திரத்தோடு, குவைத் விடுவிப்புப் பதக்கம் சவூதி, குவைத் இரண்டும் போட்டிருக்கிறார்கள். குவைத் அரசின் பதக்கம் தனக்கு உண்டு என்று மாமா இத்தனை வருடமும் அறிந்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்த வரியை வாசித்தார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் தாளை வைத்து விளக்கேற்றிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் ஆமி பாராட்டுப் பதக்கம் ஏறவில்லை. கோவையில் அந்தக் கட்டளையின் பிரதி இல்லை என்று பதில். முழுக் கோவையின் பிரதியும் வந்திருக்கிறது, நானும் ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன், அது இல்லை. சான்றிதழ் எங்களிடம் இருக்கிறதே! இனி என்ன செய்வது? இப்போதாவது டிடி 149 போடலாமா?

#16 டெக்சாஸ் நாவலப்பிட்டியான்

தம்பி, மனம் நிறைந்துவிட்டது. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆமாம், இப்போது 149க்கு நேரம் வந்துவிட்டது. நிர்வாக வழியில் கேட்டுப் பார்த்தீர்கள், எழுத்தில் பதில் வந்துவிட்டது. அந்தப் பதிலை முதல் இணைப்பாக வையுங்கள். அதுதான் சபையின் கதவைத் திறக்கும்.

மூன்று வருட விதிக்குப் பயப்படாதீர்கள். பிழையைக் கண்டுபிடித்த திகதியைப் படிவத்தில் கேட்பார்கள், உண்மையான திகதியை எழுதுங்கள். மாமாவுக்கு 1992 இலேயே தெரியும், அதை மறைக்க வேண்டாம். தாமதம் ஆகியிருந்தாலும் நீதியின் பொருட்டு ஏற்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஏன் ஏற்க வேண்டும் என்ற இடத்தில், விலகிய அன்று என்ன சொல்லப்பட்டது, கட்டளை இலக்கத்தோடு சான்றிதழ் இருப்பது, 215 இப்போதுதான் வந்தது, இந்த மூன்றையும் சுருக்கமாக எழுதுங்கள்.

சான்றிதழின் தெளிவான வண்ணப் பிரதி வேண்டும். மங்கிய ஓரத்தைத் தனியாகப் பெரிதாக்கி இன்னொரு தாளில் எடுங்கள். மாமாவோடு அதே கம்பனியில் இருந்த யாரோடாவது தொடர்பு இருக்கிறதா? பதக்கம் குத்திய அன்று அணிவகுப்பில் நின்ற ஒருவர் கண்டி அண்ணன் சொன்ன உறுதிமொழியோடு அரைப் பக்கம் எழுதித் தந்தால் பெரிய பலம். சபையில் தீர்மானிப்பவர்கள் சிவில் ஆட்கள், மூன்று பேர் சேர்ந்து கோவையைப் பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் மாமா போய் நிற்க வேண்டியதில்லை, பெரும்பாலும் தாளை வைத்தே முடிவெடுப்பார்கள். சட்டப்படி 18 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

#17 கொட்டகலை மருமகன்

கம்பனி சார்ஜன்ட் ஒருவர் ஜோர்ஜியாவில் இருக்கிறார், நத்தாருக்கு இன்னும் அட்டை அனுப்புவார். நேற்றிரவு வாட்ஸ்அப்பில் பேசினோம். அணிவகுப்பில் தான் இருந்ததாகவும், பெயரை வாசித்ததே தான்தான் என்றும் சொன்னார். எழுதித் தருகிறார். அவர் அமெரிக்காவுக்குள் இருப்பதால் அதே உறுதிமொழி வாசகம் பொருந்துமா?

#18 கண்டி சட்டத்தரணி

அதே பிரிவு 1746தான், ஆனால் நாட்டுக்குள் எழுதுபவருக்கு "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ்" என்ற பகுதி கட்டாயமில்லை. மீதி வாசகமும் திகதியும் ஒப்பமும் வேண்டும். அவர் தன் தரத்தையும், மாமாவின் கம்பனியில் இருந்த காலத்தையும், பதக்கம் குத்தியதைத் தானே பார்த்ததையும் எழுதட்டும். கேள்விப்பட்டது எதையும் சேர்க்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் நகலை அவருக்கு முன்கூட்டியே அனுப்பாதீர்கள், இரண்டும் ஒரே வாசகமாக இருந்தால் பலம் குறையும்.

#19 கொட்டகலை மருமகன்

சரி அண்ணே, அப்படியே செய்கிறேன். அவருடைய கடிதம் வந்ததும் மாமா ஒப்பம் வைத்து அனுப்புகிறோம்.

#20 டெக்சாஸ் நாவலப்பிட்டியான்

அனுப்பும் முன் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் மாமாவின் பெயரையும் "இணைப்பு 1, 2" என்ற இலக்கத்தையும் எழுதுங்கள், தாள்கள் பிரிந்து போனாலும் சேர்த்துவிடுவார்கள். மூலச் சான்றிதழை எந்தக் காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள், பிரதி மட்டும்தான். சபையிலிருந்து வழக்கு இலக்கம் வரும். அதை இங்கே பொதுவில் போடாமல் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.